சுவரில் இருபத்தொன்று, வீட்டில் குளிர்

வீடு சூடாக்கும் தொழிலில் இருக்கிறவளைக் கண்டால் சனம் சுகம் விசாரிப்பதில்லை, நேரே குளிரைத்தான் சொல்லும்.

என் பெயர் ரஜனி, டேனிஷ்காரர் வாயில் ராஜ்னி. டோஸ்ட்ருப்பில் ஒரு சின்னக் கம்பனியில் எலெக்ரீசியனாக இருக்கிறேன். டென்மார்க்கில் பெரும்பாலான வீடுகளுக்குச் சுடுதண்ணி குழாயில் ஊருக்குப் பொதுவாக வரும். அவற்றோடு எனக்கு அலுவல் இல்லை. குழாய் எட்டாத வீடுகளும், கடற்கரைப் பக்கக் கோடை வீடுகளும், கரண்டில் ஓடுகிற பழைய வரிசை வீடுகளும்தான் என் பங்கு. அங்கே இருக்கிற ஹீற்றர்களுக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்ராற் பூட்டி, இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். 'காணும், நிற்பாட்டு, குளிருது, தொடங்கு' என்று ஹீற்றருக்குச் சொல்கிற பெட்டிதான் தெர்மோஸ்ராற். ஸ்மார்ட் என்றால் அதையே போனில் இருந்தும் சொல்லலாம்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் ஹீற்றருக்கு ஹீற்றர் குணம் வேறு. தகட்டு ஹீற்றர் கெதியாகச் சுட்டுக் கெதியாக ஆறும். எண்ணெய் ஹீற்றர் மெல்லச் சுடும், நிற்பாட்டின பிறகும் விடாது. நிலத்துக்குள் புதைத்த கேபிளுக்கு விடியச் சொன்னால் பின்னேரம்தான் காது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் செற்றிங் வேறு. அதை வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தி முடிக்க அவர் எனக்கு ஊற்றித் தந்த கோப்பி ஆறிப்போய்விடும். கவுண்டரில் நிற்கிறவர்களே, ரெலிபோனில் 'உங்களுக்கு என்ன உதவி வேணும்' என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டினவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆகவே கீழே ஆராவது என்னை 'நீ' என்றால் எனக்காகக் கோபப்பட வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் ஒன்று

என் முதலாளி ஹென்றிக். நல்ல மனுசன், அவசரக்காரன். ஒருமுறை வாடகைக்கு விடுகிற வரிசை வீடுகள் முழுவதற்கும் தெர்மோஸ்ராற் பூட்டும் வேலையை எடுத்துவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் படுக்கை அறைகளில் தகட்டு ஹீற்றர், நடைவழியில் எண்ணெய் ஹீற்றர், குளியலறை நிலத்துக்குள் கேபிள். பெட்டியை முதலில் தொடங்கும்போது 'உன்னுடைய ஹீற்றர் எந்த வகை?' என்று அதுவே கேட்கும். பதில் சொல்லாவிட்டால் 'வழமை' என்று தானாக எடுத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு அறையிலும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்ததை ஹென்றிக் கண்டார். "விடு, எல்லாத்துக்கும் வழமையையே போடு, இண்டைக்கே முடிக்கவேணும்" என்றார். போட்டோம்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். குளியலறை நிலம் விடியக் காலமை ஐஸ், மத்தியானம் அடுப்பு. படுக்கை அறையில் தகடு சுட்டு நிற்பாட்டி, சனம் போர்வையை உதறின கையோடு விறைத்து, திரும்பப் போர்த்து, திரும்ப உதறி. ஒரு மனுசி தன் புருசன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிறான் என்று போன் பண்ணினாள். நான் வீடு வீடாகத் திரும்பப் போய், அறை அறையாக நின்று, எல்லாவற்றையும் மாற்றினேன். அதற்குள் பாதிச் சனம் எங்களை நம்புவதை விட்டுவிட்டு, கடையில் விசிறி ஹீற்றர் வாங்கி வைத்துவிட்டது. மாற்றியும் பிரயோசனமில்லை, அந்த விசிறிச் சூட்டை என் தெர்மோஸ்ராற் அளந்து, வீடு சூடாகத்தானே இருக்கிறது என்று தன் ஹீற்றரை நிற்பாட்டியது.

கம்பனிக் கந்தோருக்கு வந்து ஹென்றிக்கிடம் சொன்னேன். கடித்த கறுத்தப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பகிடிக்கில்லை.

"வீடெல்லாம் ஒரே மாதிரித்தானே கட்டியிருக்கு ராஜ்னி, பிறகேன் ஆக்களுக்கு வேற வேற மாதிரிக் குளிருது?"

சம்பந்தி வீட்டார்

பிரெடெரிசியாவில் இருக்கிற சிவநேசன் அண்ணை என் மச்சாளுக்குத் தெரிந்தவர். தொழிற்சாலையில் நிற்கிறார். மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கோடை வீடு வாங்கியிருந்தார். மகளுக்கு ஒரு பெடியனைப் பிடித்துப்போய், அவனுடைய தாய் தகப்பன் ஜேர்மனியில் இருந்து பார்க்க வருவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வரச்சொன்னால் எல்லாரும் செய்கிறதுதானே என்று, கோடை வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டார். வருவது மாசி மாதத்தில், நடுக் குளிரில்.

"பிள்ளை, நான் எல்லாம் புதுசா வாங்கிப்போட்டன். போனிலயே போடலாம், நிப்பாட்டலாம்" என்று வீடியோவில் காட்டினார். சுவரில் ஸ்மார்ட் பிளக், அதில் செருகின ஹீற்றர். ஹீற்றரின் நெற்றியில் வெளிச்ச இலக்கம், தொடுகிற பொத்தான்கள். எனக்கு உடனே பயம் பிடித்தது. "அண்ணை, இந்த வகை பிளக்குக்குச் சரிவராது. கரண்ட் நிண்டு திரும்ப வந்தால் இது தானா எழும்பாது. ஆராவது விரலால அமத்தும் வரைக்கும் நித்திரைதான். திருகிற குமிழ் வச்ச பழைய ஹீற்றர் எண்டால் பிழையில்லை" என்றேன்.

"பழசு வேலை செய்யுமாம், புதுசு செய்யாதாம்! நீர் என்ன கதை கதைக்கிறீர்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

முதல் நாளே பிரெடெரிசியாவில் இருந்து போனில் போட்டிருக்கிறார். பிளக் 'ஓடுகிறது' என்று பச்சை காட்டியது. அடுத்த நாள் இரண்டு காரில் போய்க் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் மூச்சு வெள்ளையாகப் போகிறது. குசினியில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகக் கிடக்கிறது. அந்தக் குளிரிலிருந்துதான் எனக்கு எடுத்தார். "பொத்தானை அமத்துங்கோ அண்ணை" என்றேன். அமத்தினார். குளிர்காலம் முழுக்க விறைத்த வீடு ஒரு பொத்தானுக்கு மசியுமா? பட்டுச் சேலைக்கு மேல் ஜக்கெற், ஜக்கெற்றுக்கு மேல் கட்டில் போர்வை என்று இருந்து, பெடியனின் தகப்பனுக்கு நெஞ்சுச் சளி பிடிக்கிறது என்று சாப்பாடு பாதியிலேயே எழும்பிவிட்டார்கள். பேச்சு அதோடு ஆறிப்போனது. பிள்ளைகள் இன்னும் கதைத்துக்கொள்கிறார்கள், பெரியவர்கள்தான் கதைப்பதில்லை. போகும்போது பெடியனின் தாய் வாசலில் நின்று சொன்னதை சிவநேசன் அண்ணையின் மனுசி எனக்கு ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னா.

"போனிலதான் சூடாக்கி வச்சிருக்கிறியள் எண்டால், போனிலயே சந்திச்சிருக்கலாமே."

முன்வரிசை

இஷொய்ப் பக்கம் ஒரு பழைய வேலைத்தலத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூட்டம் நடத்துகிறது. முகட்டில் கதிர்த் தகடுகள் மாட்டியிருந்தார்கள். இந்த வகை காற்றைச் சூடாக்காது, கீழே இருக்கிற ஆளைத்தான் சுடும், வெயில் சுடுகிற மாதிரி. தெர்மோஸ்ராற்றோ காற்றை அளக்கிறது. அதையும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் சனம் எத்தனை மணிக்குக் கூட்டத்துக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டு முடியும் வரைக்கும் கதவு திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் தெர்மோஸ்ராற் ஐயோ குளிருது என்று தகடுகளை முழு வீச்சில் விடும். போதகர் கோட்டைக் கழற்றி, ரையைக் கழற்றி, துவாயால் முகம் துடைத்துத் துடைத்துப் பிரசங்கம் பண்ணுவார். கதவடியில் இருக்கிறவர்கள் தொப்பியோடு 'ஆமென்' சொல்வார்கள்.

நான் பெட்டியை நடுச் சுவருக்கு மாற்றி, வெப்பத்தைக் குறைத்து, தொடாதேயுங்கோ என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் போதகரின் போனிலும் ஆப், பொருளாளரின் போனிலும் ஆப், பாட்டுக் குழுத் தலைவியின் போனிலும் ஆப். பிரசங்கம் நடக்கும்போதே மூன்று பேரும் மடிக்குள் போனை வைத்துக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்திருக்கிறார்கள். பின்வரிசையில் சிலர் வருவதையே நிற்பாட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பப் போனேன். வாசலில் ஆக்களை இருத்துகிற செல்வராசா பிரதர் என்னைக் கண்டு தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, முன்வரிசைக்கு அக்கினி, பின்வரிசைக்குச் சோதனை. நடுவில இருக்கிற நாலு பேர்தான் இப்ப ஜெபிக்கிறம்."

கோடு நன்றாக இருக்கிறது

கார்த்திக்கும் திவ்யாவும் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர் கணினி வேலையாக இங்கே வந்தவர். வாடகை வீடு, வீடு முழுக்க நிலத்துக்குள் கேபிள். குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான். கார்த்திக் கெட்டிக்காரர். கரண்ட் மலிவான மணித்தியாலங்களில் மட்டும் நிலம் சுடுகிற மாதிரித் தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். எனக்குக் காட்டினார். பிழையே இல்லை. கொங்கிரீற் நிலம் சூட்டைப் பிடித்து வைக்கும், பிறகு மெல்ல மெல்ல விடும். நிலத்துக்குச் செய்ய வேண்டியதே அதுதான். "நல்லாச் செய்திருக்கிறியள்" என்று மனமாரச் சொன்னேன்.

பிறகேன் என்னைக் கூப்பிட்டார்? திவ்யாவுக்குக் குளிர்ந்தது. நிலம் சுடுகிற நேரம் அவர்கள் கட்டிலில். ஆறி வருகிற நேரம் அவள் தனியே பிள்ளையோடு. நான் புத்தகத்தில் இருக்கிறபடி செய்தேன். காற்றை அளப்பதை விட்டுவிட்டு, நிலத்துக்குள் இருக்கிற உணரியால் நிலத்துச் சூட்டை அளக்கச் சொல்லி மாற்றினேன். அது இன்னும் மோசமாகப் போனது. மேலே பலகை விரித்த நிலம் என்பதால், பலகை வெடிக்காமல் இருக்க உணரி ஒரு அளவுக்கு மேல் விடவில்லை. பகல் முழுக்க அரைச் சூடு. திரும்பப் போய் இரண்டையும் சேர்த்து அளக்கச் சொன்னேன். அதுவும் சரிவரவில்லை. அந்த வீட்டில் நான் தோற்றேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கடைசி முறை போனபோது கார்த்திக்கும் நானும் மடிக்கணினிக்கு முன்னால் குனிந்து, கேட்ட சூட்டின் நீலக் கோடும் வந்த சூட்டின் சிவப்புக் கோடும் எவ்வளவு வடிவாக ஒட்டிப் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் சந்தோசமாகவே இருந்தது. பின்னால் சோபாவில் திவ்யா தன்னுடைய குளிர் ஜக்கெற்றுக்குள் பிள்ளையையும் வைத்துப் பூட்டிக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, அந்த கிராஃப்ல நாங்க ரொம்ப நல்லா இருக்கோம்ல? எங்களையும் அதுக்குள்ளயே குடி வச்சுருங்க."

வீட்டில் ஆள் இல்லை

மெட்டே ஒரு டேனிஷ் மனுசி, முதியோர் பராமரிப்பில் வேலை. விவாகரத்து எடுத்து, பள்ளிக்கூடம் போகிற மகளோடு அதே வீட்டில் இருக்கிறாள். தகட்டு ஹீற்றர், நல்ல வகை. அதற்கு ஏற்ற செற்றிங். பூட்டினது வேறு கம்பனி என்றாலும் பழுது சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னேரச் சாப்பாட்டு நேரம் வந்தால் வீடு விறைக்கிறதாம். நான் போய்ப் பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் யன்னல் சீலை தொங்கியது, அதை ஒதுக்கினேன். அடுத்த கிழமையும் குளிர். பெட்டியையே புதிதாக மாற்றினேன். அதற்கடுத்த கிழமையும் குளிர். மெட்டே என்னில் பிழை சொல்லவில்லை. 'எனக்குத்தான் உடம்புக்கு ஏதோ' என்று டொக்டரிடம் போயிருக்கிறாள்.

மூன்றாம் முறை, சாப்பாட்டு நேரம் வரும்வரை நிற்கிறேன் என்று சொல்லி நின்றேன். உருளைக்கிழங்கு அவிகிறது. சுவரில் டிக் என்று ஒரு சத்தம். ஆரும் தொடவில்லை. பெட்டியில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுத்து வந்தது. வந்ததும் ஹீற்றர் நின்றது. அந்தப் பிள்ளை கதிரையில் இருந்து எழும்பிப் போய் இரண்டு கம்பளி எடுத்து வந்தாள், ஒன்று தனக்கு, ஒன்று தாய்க்கு. மேசையில் கரண்டி வைக்கிற மாதிரி, அவ்வளவு பழக்கம்.

"இந்தப் பெட்டியை எத்தனை போனில போட்டிருக்கிறாய்?" என்று மெட்டேயைக் கேட்டேன். நான் கேட்டு முடிக்கிறதுக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. முதன்முதலில் இதைப் பூட்டுவித்தது அவளுடைய புருசன். நான் மாற்றிய புதுப் பெட்டியும் பழைய கணக்கிலேயே போய்ச் சேர்ந்துகொண்டது, கணக்கு அவன் பெயரில், 'ஆள் இல்லை' என்று அமத்துகிறதும் அவன் போன். நான் எல்லாவற்றையும் அழித்து அவள் பெயரில் புதிதாகத் தொடங்கிக் கொடுத்தேன். பொலிசுக்குச் சொல்லு என்றேன். சொல்கிறேன் என்றாள். கிழங்குப் பானையை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"இங்க இருந்த காலம் முழுக்க, யன்னலைப் பூட்டு, சூடு வீணாப் போகுது எண்டு கத்தினவன். போனாப் பிறகுதான் சத்தம் போடாமல் இருக்கப் பழகியிருக்கிறான்."

வயர் இல்லாத குமிழ்

இராசதுரை ஐயாவும் மனுசியும் இஷொயில் ஒரு வரிசை வீட்டில் இருந்தார்கள். ஐயா முந்தி ஒரு பக்டரியில் நின்று ஓய்வெடுத்தவர். அன்ரிக்கு மறதி வருத்தம். அவவுக்கு எந்த நேரமும் குளிர். எண்ணெய் ஹீற்றரின் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, அது மெல்லத்தானே சுடும், சுடுகிறதுக்குள் திருகினதை மறந்து திரும்பத் திருகப் பார்ப்பா. ஒருநாள் அதன்மேல் கையை வைத்துச் சுட்டுக்கொண்டா. ஓகுஸில் இருக்கிற மகன் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டு, ஹீற்றரின் குமிழைக் கழற்றி, ஸ்மார்ட் தெர்மோஸ்ராற் பூட்டி, தன் போனால் மட்டும் மாற்றலாம் என்று வைத்துவிட்டார். செய்தது சரிதான். அறை எப்போதும் ஒரே இதமாக இருந்தது.

ஆனால் அன்ரி குமிழைத் தேடினா. ஹீற்றரைத் தடவி, சுவரைத் தடவி, அலுமாரிக் கைபிடியைத் திருகி, 'என்னைக் குளிரில விட்டிட்டினம்' என்று அழுதா. ஐயா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, சூடு காணும், குறையில்லை. அவவுக்குத் திருக ஏதும் ஒண்டு வேணும்" என்றார். நான் வானில் கிடந்த பழைய சாமான்களுக்குள் தேடி ஒரு வெள்ளைக் குமிழ் எடுத்து, ஒரு மூடியில் பொருத்தி, அவவின் கதிரைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு திருகாணியால் இறுக்கினேன். பின்னால் வயர் இல்லை, ஒன்றுமில்லை. எண்ணெய் ஹீற்றர் என்பதால் அது தோதாகவும் போனது; திருப்பின உடனே சுடவேண்டும் என்று அதனிடம் ஆரும் எதிர்பார்ப்பதில்லை. அன்ரி திருப்பினா. கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. "இப்ப பறவாயில்லை" என்றா. ஐயா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு குசினிக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

அடுத்த வருசம் அன்ரியைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. வீட்டில் இனி ஐயா மட்டும்தானே என்று, தன் போனில் மட்டும் என்று போட்ட பூட்டை எடுத்து ஐயாவே மாற்றுகிற மாதிரிச் செய்துவிடச் சொல்லி மகன் என்னை அனுப்பினார். செய்தேன். போகிறபோக்கில் அந்த வெள்ளைக் குமிழையும் கழற்றுவோம் என்று ஆணித்திருகியை எடுத்தேன். அன்ரியின் கதிரையில் இருந்த ஐயா கையால் குமிழை மறைத்தார்.

"அதைக் கழட்டாதையும் பிள்ளை. இப்ப எனக்கும் அதிலதான் சூடு வருது."

யன்னல் திறந்திருக்கிறது

இதைச் சொல்லாமல் விடுவோம் என்றும் நினைத்தேன். ஸ்வென் என்ற கிழவர், கடல்கழிக்குப் பக்கத்தில் ஒரு மரவீட்டில் தனியே இருந்தவர். மகள் யூட்லாந்தில், நாட்டின் மற்ற அந்தத்தில், பெரிய உத்தியோகம். தகப்பன் குளிரில் கிடக்கக்கூடாது என்று தகட்டு ஹீற்றரும் தெர்மோஸ்ராற்றும் அவளே வாங்கி அனுப்பினாள், நான் பூட்டினேன். தகட்டு ஹீற்றருக்கு ஏற்ற ஒரு வசதி அந்தப் பெட்டியில் உண்டு. அறைச் சூடு சடக்கென்று விழுந்தால், யன்னலைத் திறந்திருக்கிறார்கள் என்று பெட்டி தானே முடிவெடுத்து ஹீற்றரை நிற்பாட்டும். வெளியே போகிற காற்றைச் சூடாக்கி என்ன பிரயோசனம்? நிற்பாட்டினதை மகளின் போனுக்கும் சொல்லும். அவள் கேட்டுத்தான் அதைப் போட்டேன். அவருக்கும் பிடித்திருந்தது. "கெட்டிக்காரப் பெட்டி" என்று விரலால் தட்டிப் பார்த்தார்.

அவருக்குக் காலமையில் குசினி யன்னலைத் திறந்து, பாண் துணிக்கைகளை வெளியே குருவிகளுக்கு உதறுகிற பழக்கம். தை மாதத்தில் ஒருநாள் அப்படி உதறும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. யன்னல் திறந்தபடி. எழும்ப முடியவில்லை, போன் அறைக்குள். அவருடைய தலைமாட்டில் இருந்த ஹீற்றர், தான் படித்ததை ஒழுங்காகச் செய்தது. பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு நடந்து போகும்போது, இந்த நேரத்தில் யன்னல் ஏன் திறந்து கிடக்கிறது என்று எட்டிப் பார்த்ததால்தான் கண்டுபிடித்தார்கள்.

உயிர் தப்பினார். ஆனால் அந்த வீட்டுக்கு அவர் திரும்பி வரவில்லை. வீட்டை விற்க முதல் சாமான்களைக் கழற்றித்தா என்று மகள் கூப்பிட்டாள். வேறு ஆரையும் அனுப்பச் சொல்லியிருக்கலாம், நானே போனேன். நான் கழற்றிக்கொண்டிருக்க அவள் கோட்டோடு குசினியில் நின்றாள். யன்னலை ஒருதரம் திறந்து, ஒருதரம் மூடினாள்.

"'யன்னல் திறந்திருக்கு, ஹீற்றரை நிப்பாட்டியாச்சு' எண்டு எனக்கு வந்தது. நான் 'சரி' எண்டதை அமத்திப்போட்டு மீற்றிங்குக்குப் போனன்."

திரும்ப வராதை

போன குளிர் காலத்தில் நாங்கள் பூட்டுகிற தெர்மோஸ்ராற்றுகளில் ஒரு வகையைச் செய்த வெளிநாட்டுக் கம்பனி, கையை விரித்துக்கொண்டு மூடிவிட்டது. கம்பனி மூடினதோடு அந்தப் பெட்டிகளைப் போனோடு இணைத்த கணினியும் நின்றது. ஆப் திறக்கவில்லை. பெட்டிகள் எல்லாம் புத்தி மங்கி, சுவரில் இருபத்தொரு பாகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. அறைக்கு அறை, ஹீற்றருக்கு ஹீற்றர் நான் மினக்கெட்டுப் போட்ட செற்றிங் ஒன்றும் மிச்சமில்லை.

கந்தோரில் ரெலிபோன் வாய் மூடவில்லை. ஹென்றிக் 'சுகமில்லை' என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டார். உண்மையாகவே சுகமில்லாமல்தான் இருந்திருக்கும். காலையில் இருந்து நான் ஆளாளுக்கு ஒரே பதில்: கையால் திருகு, கையால் அமத்து, நான் முடிந்தளவு கெதியாக வாறன். அழுதவர்களும் உண்டு, ஏசினவர்களும் உண்டு. ஒருவர் தன் மீன்தொட்டியைப் பற்றியே கன நேரம் கதைத்தார்.

மத்தியானம் போல பீர்த்தேயின் நம்பர் விழுந்தது. பீர்த்தே தன் வீட்டில் ஓய்வூதியத்தோடு தனியே இருக்கிற மனுசி. பெட்டி பூட்டின நாளில் இருந்து கிழமைக்கொருதரம் எடுப்பாள்: குளியலறை சூடு கூட, படுக்கை அறை சூடு குறைய, நடைவழியில் ஏதோ மணம். ஒவ்வொரு முறையும் நான் போய் ஒவ்வொன்றாக மாற்றுவேன். அவள் வீட்டு ஹீற்றர்களை என் சொந்த வீட்டு அலுமாரியை விட எனக்குத் தெரியும். எல்லாரும் போட்ட ஏச்சிலும் பெரிய ஏச்சு இனித்தான் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போனைத் தூக்கினேன். அவளோ நெடுநாளைய சிநேகிதி மாதிரிக் கதைத்தாள்.

"இண்டைக்குத்தான் ராஜ்னி வீடு வீடு மாதிரி இதமா இருக்கு. என்ன செய்தாயோ தெரியாது, ஆனால் தயவுசெய்து இனி ஒருக்காலும் இங்க வராதை."

இத்தனை காலத்தில் ஹீற்றரில் எத்தனை வகை இருக்கிறதென்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. குளிரில் எத்தனை வகை இருக்கிறதென்பதை மட்டும் எந்தக் கம்பனியும் இன்னும் பெட்டியில் அச்சடித்து அனுப்பவில்லை.